சாவி யாரிடம் இருக்கிறது?

சென்ற மாதம் எங்கள் வாசகர் வட்டம் சிறுமலையில் கூடியது. திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஒரு பகல் முழுதும் படித்ததைப் பற்றிப் பேசிவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது எங்கள் வழக்கம். மதிய உணவுக்குப் பின் வழக்கம்போல் பேச்சு வரிசையை விட்டு விலகியது. சமவெளியில் உள்ள நூற்பாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் பணிபுரியும் நண்பர் தம் ஆலையில் நடந்த ஒன்றைச் சொன்னார். அதற்குக் கூட்டத்தில் எழுந்த இரண்டு பதில்களே இந்தக் கட்டுரைக்குக் காரணம். இரண்டையும் நாங்கள் மறுக்கிறோம். அங்கேயே மறுத்திருக்கலாம். ஆனால் கடைசி வேன் கிளம்பும் நேரமாகிவிட்டது. சில விஷயங்களை எழுதித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஆலையின் நிர்வாகம் ஊழியர்களுக்கென ஒரு கூட்டுப்பணித் தளத்தை நிறுவியது. அலுவலகத்துக்குள் ஒரு முகநூல் என்று வைத்துக்கொள்ளலாம். சுவர் உண்டு, குழுக்கள் உண்டு, அரட்டை உண்டு. கூடவே ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த வெளிச் செயலிகளும் அதனுடன் இணைக்கப்பட்டன: விடுப்பு விண்ணப்பம், உதிரிபாகக் கிடங்கின் இருப்பு, உற்பத்திக் கணக்கு, இயந்திரப் பழுதுப் புகார். இவற்றுள் கடைசியானது ஒரு சிறு நிறுவனம் எழுதிக் கொடுத்த எளிய செயலி. பிட்டர்கள் அதில் கைபேசி வழியே தமிழிலேயே எழுதினார்கள். எழுதியது உடனே தளத்தின் குழுவில் தோன்றும். அதன் கீழே அடுத்த ஷிப்ட்காரர் பதில் எழுதுவார். இரவில் ஈரப்பதம் இறங்கினால் எந்த ரிங் பிரேமில் நூல் முதலில் அறும், எந்தப் பேரிங் சூடாவதற்கு முன் என்ன சத்தம் கொடுக்கும் என்பதெல்லாம் இரண்டரை ஆண்டுகளில் அந்தக் குழுவில் சேர்ந்துபோயின. யாரும் திட்டமிட்டு எழுதியதல்ல. அதனால்தான் அது அத்தனை நல்ல ஆவணமாக இருந்தது.

ஒருநாள் தளத்தை விற்ற நிறுவனம் தன் விதிகளை மாற்றியது. அந்த வகை இணைப்பு இனி கிடையாது, வேண்டுமானால் மேல்நிலைச் சந்தாவுக்கு மாறுங்கள் என்றது. நிர்வாகம் மாறவில்லை. புகார்ச் செயலி தனித்தீவாயிற்று. பழைய உரையாடல்களையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று தரவிறக்கிப் பார்த்தால், எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எண்கள். தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். அதிகம் எழுதியிருந்த மூத்த பிட்டர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். 'அண்ணே, அவர் எழுதினதைப் படிச்சுத்தான் நாங்க தொழில் கத்துக்கிட்டோம்' என்றார் நண்பர்.

இதற்கு எழுந்த முதல் பதில்: 'இது கணிப்பொறிக்காரர்கள் பாடு. இலக்கியக் கூட்டத்தில் இதற்கென்ன வேலை?' இரண்டாவது பதில், சென்னையில் மென்பொருள் துறையில் இருக்கும் நண்பருடையது: 'வெளிச் செயலிகளைக் கொண்டுவந்து ஒட்டவைத்ததுதான் தவறு. எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் தொகுப்பாக வாங்கியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.'

முதல் பதிலை எடுத்துக்கொள்வோம்.

இன்று தமிழில் மிக அதிகமாக எழுதப்படுவது எங்கே என்று எண்ணிப் பார்த்தோமா? சிற்றிதழ்களில் அல்ல, நம்மைப் போன்றோரின் பக்கங்களிலும் அல்ல. ஆலைகளின், மருத்துவமனைகளின், பள்ளி ஆசிரியர்களின், கூட்டுறவு வங்கிகளின் பணிக்குழுக்களில்தான். ஓலையில் எழுதிய கோயில் கணக்குகளையும் வணிகர்களின் கடிதங்களையும் கொண்டாடுகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் வேலையின் ஊடே எழுதிவைத்த நாட்குறிப்பை இன்று உரைநடைச் செல்வம் என்கிறோம். அதுவும் ஒரு துபாஷியின் அன்றாட அலுவல் எழுத்துதான். ஒரு பிட்டரின் குறிப்பு மட்டும் எப்படிக் கணிப்பொறிக்காரர் பாடு ஆகிறது? எழுத்து எங்கே சேமிக்கப்படுகிறது, யாருடைய அனுமதியில் நிலைக்கிறது என்பது எழுத்தைப் பற்றிய கேள்வி. அதைக் கேட்கத் தகுதியானவர்கள் வாசகர்களே.

இழப்பு நமக்குப் புதிதும் அல்ல. இணையத்தில் தமிழ் எழுதிய முதல் தலைமுறையின் பெரும்பகுதி யாஹூ குழுமங்களில்தான் எழுதியது. அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்ற பெயர்களைச் சொன்னால் இன்றும் சிலர் முகம் மலரும். 2019 அக்டோபரில் யாஹூ தன் குழுமங்களின் உள்ளடக்கத்தை நீக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பர் 15 அன்று அந்தச் சேவையே மூடப்பட்டது. அவரவர் அஞ்சல்பெட்டியில் தங்கியதும், சிலர் பதறிப்போய்த் தரவிறக்கியதும் மிஞ்சின. அன்று வருந்தியவர்கள்தாம் இன்று நூற்பாலைக் குழுவைப் பற்றிக் கேட்டதும் தோளைக் குலுக்குகிறார்கள்.

இரண்டாவது பதிலுக்கு வருவோம். அது கனமானது, விரிவாகவே பார்க்கவேண்டும்.

ஒரு தளத்துக்குள் வெளிச் செயலியை இணைப்பதாகச் சொல்லும்போது உண்மையில் மூன்று வேறுபட்ட காரியங்களைச் சொல்கிறோம். முதல் வகை, சாளரம். செயலியின் ஒரு பக்கம் தளத்தின் பக்கத்துக்குள் சட்டமிட்ட படம்போல் தெரியும். இரண்டாவது, தபால். செயலியில் ஏதேனும் நிகழ்ந்தால் தளத்தின் குறிப்பிட்ட முகவரிக்கு ஒரு செய்தி வந்து விழும். நூற்பாலையில் நடந்தது இது. மூன்றாவது, முகவர். தளத்திலிருந்தே ஒரு கட்டளை இட்டால் அது நம் பெயரில் வெளிச் செயலிக்குள் சென்று விடுப்புக்கு ஒப்புதல் தரும், கொள்முதலைப் பதியும். இதற்காக நம் கடவுச்சொல்லைக் கொடுப்பதில்லை. இன்னின்னது மட்டும் செய்யலாம் என்ற ஓர் அனுமதிச்சீட்டைக் கொடுக்கிறோம். ஓஆத் என்ற பொது நெறிமுறை இதற்காகவே உருவானது. அதன் இரண்டாம் பதிப்பு 2012 அக்டோபரில் வெளியானது.

மூன்றிலும் கதவு தளத்தின் சுவரில் இருக்கிறது. சாவி தளத்தை நடத்துபவரிடம் இருக்கிறது.

திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. கையால் செய்த மாங்காய்ப் பூட்டு இந்த ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. இன்று அலிகாரின் மலிவான பூட்டுகளின் முன் தொழில் தேய்ந்துவிட்டது என்பது வேறு கதை. இந்தப் பூட்டுத் தொழிலில் சொல்லாமலே கடைப்பிடிக்கப்பட்ட ஓர் அறம் உண்டு. பூட்டை விற்றால் சாவியையும் கொடுத்துவிடவேண்டும். பணம் கொடுத்தவரிடம் பூட்டை மட்டும் கொடுத்து, சாவியைப் பட்டறையிலேயே வைத்துக்கொண்டு, 'திறக்கவேண்டுமென்றால் மாதம் இவ்வளவு கட்டுங்கள்' என்று சொல்லும் ஆசாரியை நாகல் நகரில் யாரும் பொறுத்திருக்கமாட்டார்கள். மென்பொருளில் அதைப் பொறுக்கிறோம். அதற்குச் சேவை என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

இது மிகை என்று தோன்றினால் கடந்த இருபதாண்டு வரலாற்றைப் பாருங்கள்.

2006 ஜனவரியில் கூகுள் டாக் தன் கதவைத் திறந்தது. எக்ஸ்.எம்.பி.பி. என்ற பொது நெறிமுறையைப் பேசும் எந்த வழங்கியோடும் அதன் பயனர்கள் உரையாடலாம் என்றது. 2013இல் ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்தத் திறந்த இணைப்பைக் கைவிட்டது. 2007 நவம்பரில் கூகுள் முன்னின்று ஓபன்சோஷியல் என்ற பொதுத்தரத்தை அறிவித்தது. ஒருமுறை எழுதிய சிறுசெயலி எந்தச் சமூகத் தளத்திலும் ஓடவேண்டும் என்பது அதன் கனவு. ஜைவ், ஐபிஎம் கனெக்‌ஷன்ஸ் போன்ற அலுவலகத் தளங்கள் அதை ஏற்றன. முகநூல் ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் அது ஒளியிழந்து உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பணிக்குழுவில் போய்ச் சேர்ந்தது. ஸ்லாக் வளரும் பருவத்தில், பழைய ஐ.ஆர்.சி. செயலிகளிலிருந்தும் தன்னோடு பேசலாம் என்று வாயில் அமைத்தது. 2018 மே 15 அன்று அந்த வாயில்களை மூடியது. 2025 மே மாதத்தில், அதன் சந்தைப் பட்டியலில் இடம்பெறாமல் வணிகமுறையில் விற்கப்படும் செயலிகள் உரையாடல்களைப் படிக்கும் வேகத்துக்குக் கடும் வரம்பு விதித்தது. மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலையில் டீம்ஸில் புழக்கத்தில் இருந்த இணைப்பான்களை ஓய்வுபெறச் செய்வதாக அறிவித்தது. முதலில் குறுகிய அவகாசமே. பயனர்கள் கூக்குரலிட்ட பின்னரே அது நீட்டிக்கப்பட்டது.

வரிசையைக் கவனியுங்கள். கூட்டம் சேரும்வரை கதவு திறந்திருக்கிறது. கூட்டம் சேர்ந்தபின் கதவுக்குக் காவல் வருகிறது. இதில் கெட்ட மனிதர்கள் யாரும் இருக்கவேண்டியதில்லை. வெளிச் செயலிகள் தளத்துக்கு ஆள் சேர்க்கும்போது அவை முதலீடு. ஆள் சேர்ந்தபின் அவை போட்டி. அவ்வளவுதான் கணக்கு.

'அதனால்தான் சொல்கிறேன், ஒரே நிறுவனத்தின் தொகுப்பை வாங்குங்கள்' என்பார் நண்பர். வாங்கியவர்களின் கதை என்ன? முகநூலின் தாய்நிறுவனமே 2016இல் வொர்க்ப்ளேஸ் என்ற அலுவலகத் தளத்தை உலகுக்கு விற்றது. உலகின் மிகப் பெரிய சமூக வலைத்தள நிறுவனத்தைவிட நிலைத்த விற்பனையாளர் யார் கிடைப்பார்? 2024 மே மாதத்தில் மூடுவிழா அறிவிப்பு வந்தது. 2025 ஆகஸ்ட் 31 வரைதான் வழக்கமான பயன்பாடு. அதன்பின் குறிப்பிட்ட காலத்துக்குப் படிக்கலாம், தரவிறக்கலாம் என்றார்கள். யாமரை 2012இல் 120 கோடி டாலருக்கு வாங்கிய மைக்ரோசாஃப்ட் 2023இல் அந்தப் பெயரையே விட்டுவிட்டது. ஒரே வீட்டில் எல்லாப் பொருளையும் வைத்தவனுக்கு, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லும் நாளில் இழப்பு அதிகமே ஒழியக் குறைவதில்லை.

இங்கே நண்பர் தம் வலுவான ஆயுதத்தை எடுத்தார்: பாதுகாப்பு. திறந்த கதவு திருடனுக்கும் திறந்ததுதானே? இந்த வாதத்தை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. 2025 ஆகஸ்டில் சேல்ஸ்லாஃப்ட் டிரிஃப்ட் என்ற அரட்டைச் செயலியின் அனுமதிச்சீட்டுகளைத் திருடியவர்கள், அதை இணைத்திருந்த நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் சேல்ஸ்போர்ஸ் தரவுகளுக்குள் நுழைந்தார்கள். பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களும் அவற்றுள் இருந்தன. எனவே இணைப்பு ஆபத்தானது என்பது உண்மை. ஆனால் அந்த நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம் என்ன? அளவுக்கு மீறிய அனுமதியைக் கொடுக்காதே. பயன்படாத சீட்டை ரத்து செய். யார் யாருக்கு என்ன சீட்டு கொடுத்தோம் என்று ஒரு பதிவேடு வைத்துக்கொள். இவையெல்லாம் வீட்டுக்காரர் செய்யவேண்டிய காரியங்கள். வாசலைச் சுவரெழுப்பி மூடிவிட்டு, ஒரே ஒரு வியாபாரி மட்டும் பின்கட்டு வழியே வரலாம் என்பது பாதுகாப்பு ஆகாது. அந்த வியாபாரியின் கிடங்கில் திருடன் புகுந்தால் எல்லாமே போகும்.

அடுத்தது சுதேசி வாதம். நம் மண்ணின் நிறுவனம் இருக்கையில் அந்நியத் தளங்கள் எதற்கு என்று கூட்டத்தில் இன்னொரு குரல் கேட்டது. 1996இல் அட்வென்ட்நெட்டாகத் தொடங்கி 2009இல் பெயர் மாற்றிக்கொண்ட ஸோஹோவைப் பற்றி எங்களுக்கும் பெருமிதம் உண்டு. தென்காசிப் பக்கம் 2011இல் அலுவலகம் திறந்து, மென்பொருள் எழுதப் பெருநகருக்குப் போகத் தேவையில்லை என்று நிறுவிக் காட்டியது சாதாரணக் காரியம் அன்று. அதன் கனெக்ட், கிளிக் ஆகிய கூட்டுப்பணித் தளங்கள் வெளிச் செயலிகளை இணைக்கவும் இடம் தருகின்றன. இவை எல்லாம் சரி. ஆயினும் பூட்டைச் செய்தவர் அலிகார்க்காரரா திண்டுக்கல்காரரா என்பதைப் பொறுத்து, சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு விடை மாறுவதில்லை.

இதை எங்களைவிட நன்றாக உணர்ந்தவர் ஸ்ரீதர் வேம்புவே என்று தோன்றுகிறது. 2025 இலையுதிர் காலத்தில் அரட்டை செயலிக்குத் திடீரெனப் பெருங்கூட்டம் சேர்ந்தபோது, இத்தகைய செயலிகள் யூ.பி.ஐ. போலவும் மின்னஞ்சல் போலவும் ஒன்றோடொன்று பேசக்கூடியவையாக இருக்கவேண்டும், வாட்ஸப் போல மூடிக் கிடக்கக்கூடாது என்று அவர் பொதுவெளியில் எழுதினார். நெறிமுறைகளை வகுத்து வெளியிடுவதற்கான பேச்சைத் தொடங்கியிருப்பதாகவும் சொன்னார். வரவேற்கிறோம். கூடவே ஒன்றை நினைவூட்டுகிறோம். மேலே நாங்கள் அடுக்கிய கதைகள் அனைத்தும் இப்படியொரு நல்ல வாக்குறுதியோடுதான் தொடங்கின. சுதேசிப் பற்றுள்ளவர்கள் செய்யவேண்டியது அந்த வாக்கை நினைவில் வைத்திருந்து கேட்டுக்கொண்டே இருப்பது. கைதட்டிவிட்டுப் போவது அல்ல.

ஏனெனில் திறந்த தன்மை எங்கும் பெருந்தன்மையால் நிலைத்ததில்லை, விதியால்தான் நிலைத்திருக்கிறது. மலையிலிருந்து வாழைத்தாரைக் கொண்டுவந்து திண்டுக்கல் சந்தையில் விற்கும் விவசாயியின் கைபேசியில் ஒரு செயலி. வாங்கும் வியாபாரியின் கைபேசியில் வேறொன்று. இருவரின் வங்கியும் வேறு. பணம் சேர்கிறது. இரு செயலிகளுக்கும் ஒப்பந்தம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. 2016 ஏப்ரலில் யூ.பி.ஐ. அறிமுகமானபோது, எந்தச் செயலியானாலும் மற்றதோடு பேசியே தீரவேண்டும் என்பது அதன் அடித்தளமாக இருந்தது. நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டிருந்தால் இன்று ஒவ்வொரு டீக்கடையிலும் பத்து அட்டைகள் தொங்கியிருக்கும், அவற்றுள் ஒன்றை மற்றவர் படிக்க முடியாது. ஐரோப்பாவில் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கடமைகள் 2024 மார்ச் 7 முதல் பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. பெரிய அரட்டைச் சேவைகள் பிறவற்றுக்கு வழிவிடவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

தமிழ் வாசகர்களுக்கு இதைவிட நெருக்கமான சான்று உண்டு. தொண்ணூறுகளில் ஒவ்வோர் இதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. ஓர் இதழைப் படிக்க ஓர் எழுத்துருவைத் தரவிறக்கவேண்டும்; அடுத்த இதழுக்கு இன்னொன்று. ஒன்றில் எழுதியது மற்றதில் குப்பையாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு, டாம், டாப், தகுதரம் என்று எத்தனை சண்டைகள்! 1991லேயே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிகோடு பரவலான பிறகே, யார் எழுதியதும் யாருக்கும் தெரியத் தொடங்கியது. யூனிகோடின் குறைகளை அடுக்கியவர்கள் உண்டு. அவற்றுள் சில நியாயமானவையும்கூட. ஆனால் குறையுள்ள பொதுத்தரம், குறையற்ற தனிச்சொத்தைவிட நம் மொழிக்கு அதிகம் செய்தது. அந்தச் சண்டையை நேரில் கண்ட தலைமுறைக்கு நூற்பாலைக் கோப்பின் கேள்விக்குறிகள் என்ன சொல்கின்றன என்று விளக்கவேண்டுமா? அது யூனிகோடுக்கு முந்தைய இருட்டு. இம்முறை கதவைச் சாத்தியவர் வேறு என்பதுதான் வேறுபாடு.

எங்கள் கோரிக்கைகள் எளியவை. ஓர் ஆலையோ பள்ளியோ கூட்டுறவுச் சங்கமோ இத்தகைய தளத்தை வாங்குமுன் நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்கட்டும். எங்கள் உரையாடல்களை எழுதியவர் பெயரோடும் தேதியோடும், யூனிகோடு தமிழில், நாங்கள் விரும்பும் நாளில் எடுத்துக்கொள்ள முடியுமா? வெளிச் செயலிகளை இணைக்கும் முறை பொதுவில் ஆவணப்படுத்தப்பட்டிருக்கிறதா? அந்த முறையை மாற்றினால் எத்தனை மாதம் முன்னறிவிப்பு? ஒவ்வொரு செயலிக்கும் கொடுத்த அனுமதியை நாங்களே பார்த்து நாங்களே ரத்து செய்ய இயலுமா? விற்பவர் பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். வாங்கியபின்னும் விற்பவரை நம்பிச் சும்மா இருக்கவேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு குழுவின் உரையாடலைத் தரவிறக்கி, அது படிக்கும்படி இருக்கிறதா என்று ஒருவர் திறந்து பார்த்தால் போதும். நண்பரின் ஆலையில் அதை ஒருமுறை செய்திருந்தால், கேள்விக்குறிகள் இரண்டு ஆண்டு முன்பே தெரிந்திருக்கும்.

அரசு அலுவலகங்களுக்கு இவை கேள்விகளாக இருந்தால் போதாது, நிபந்தனைகளாக இருக்கவேண்டும். மின்னாளுகைக்குத் திறந்த தரங்கள் வேண்டும் என்று 2010லும், அரசு மென்பொருள்களுக்குத் திறந்த இணைப்பு வாயில்கள் வேண்டும் என்று 2015லும் இந்திய அரசே கொள்கை வகுத்திருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி எழுதுபவர்கள் அவற்றைப் படிக்கவேண்டும்.

கூட்டம் முடிந்து இறங்கும்போது, தோட்டத்திலிருந்து சாலைக்குச் சுமை கொண்டுவரும் குதிரைகள் எதிரே வந்தன. வாகனம் ஏறமுடியாத தடங்களில் சிறுமலையின் விளைச்சல் இன்றும் அவற்றின் முதுகில்தான் வருகிறது. சாலையில் நிற்பது யாருடைய வேனாக இருந்தாலும் சுமை மாறும். தார் சந்தைக்குப் போய்ச் சேரும். இந்த வேனில் மட்டும்தான் ஏற்றவேண்டும் என்று யாரேனும் குதிரைக்காரரிடம் சொல்லியிருந்தால் மலையே திரண்டு கேட்டிருக்கும்.

ஓய்வுபெற்ற அந்தப் பிட்டரைச் சந்திக்க நண்பரோடு எங்களில் இருவர் அடுத்த ஞாயிறு போகிறோம். அவர் நினைவிலிருப்பதைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாக ஏற்பாடு. நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதப்போகிறோம். அதில் எவ்வளவு மீளும் என்று தெரியாது. தோளைக் குலுக்கிய நண்பரையும் அழைத்திருக்கிறோம்.